வீட்டுக் கம்ப்யூட்டர்: காசு எந்தப் பாகத்துக்குப் போகணும்?



கொஞ்ச நாளாக நம் குழுக்களின் தீர்மான நோட்டில் ஒரு புதுக் காரணம் அடிக்கடி தென்படுகிறது. ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று எழுதி வந்த இடத்தில் இப்போது "மகளுக்குக் கம்ப்யூட்டர்", "பையன் காலேஜ் படிப்புக்குக் கம்ப்யூட்டர்" என்று எழுதியிருக்கிறது. நல்ல காரணம்தான். ஆனால் ஆடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு சொல்ல நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் பல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் பலர் கடை ஏறுகிறோம்.

மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட்டுகளில் இருந்து இறங்கி வந்த சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. மூன்று, நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் 2024-இல் வேலை நின்றபோது கீழே வந்தன. அப்போது கையில் வந்த காசு ஒரு தடவை மட்டும் வந்த காசு. அதிலிருந்து எடுத்தோ, குழுவில் கடன் வாங்கியோ கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பணம் வீணாகப் போகக் கூடாது. அதனால் இந்த இதழில் கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றிப் பாடம். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர் வாசித்துக் காட்டவும்.

முதலில் வேலை, பிறகுதான் பெட்டி

கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தக் கம்ப்யூட்டரில் யார், என்ன வேலை செய்யப் போகிறார்கள்? காலேஜ் பாடம், புராஜெக்ட் டைப் செய்வது, ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பம் போடுவது, குழுக் கணக்கு இவ்வளவுதான் என்றால் ரொம்பப் பெரிய பெட்டி வேண்டாம். பையன் படம் வரையும் மென்பொருளோ, வீடியோ எடிட்டிங்கோ படிக்கிறான் என்றால் கணக்கு வேறு. விண்ணப்பம் போடவும், வாட்ஸ்அப் பார்க்கவும், வீடியோ பாடம் பார்க்கவும் மட்டும் என்றால் கையில் இருக்கிற போனே போதும். கடனே வேண்டாம்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலம் என்ற ஊரில் கோயில் இடத்தில் மையம் நடந்தது. நடத்தியவர்கள் நம்மைப் போன்ற ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கம்ப்யூட்டரை இறக்குவதற்கு முன்பே ஊருக்குள் போய் "உங்களுக்கு என்ன தகவல் வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள். கரண்டு அடிக்கடி போகும் ஊர்கள் என்பதால் சூரிய ஒளி மின்சாரமும் சேர்த்தே வைத்தார்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் 2001-இல் சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் முன்னின்று இணைய மையங்கள் தொடங்கியபோதும் அப்படித்தான். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா இவற்றோடு கரண்டு போனால் தாங்கும் பேட்டரியும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். என்ன வேலை, கரண்டு எப்படி என்ற இரண்டு கேள்வியையும் முதலில் கேட்டவர்கள் அவர்கள். நம் ஊர்க் கடையில் இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை. "என்ன பட்ஜெட்டு?" என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொன்று. 2011 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. "ரொம்ப ஸ்லோ" என்று தூக்கி வைத்திருப்போம். அதில் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அதைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் கொஞ்சம் கூட்டினால், டைப் அடிக்க, பாடம் பார்க்க ஆகும். திரை, கீபோர்டு உடையாமல் இருந்தால் முதலில் அதைக் காட்டி விசாரியுங்கள். 2026 ஜனவரியில் அரசு கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. உங்கள் பிள்ளை பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று காலேஜ் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கடன் மனு எழுதுங்கள்.

கொழுந்து பறித்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் புரியும்

எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மற்றவர்கள் பருத்தி எடுப்பதையோ, பூப் பறிப்பதையோ நினைத்துக் கொள்ளுங்கள்.

பிராசஸர் என்பது கொழுந்து கிள்ளுகிற கை. எவ்வளவு வேகமாகக் கிள்ளுகிறது என்பதுதான் அதன் மதிப்பு. ராம் என்பது முதுகில் தொங்குகிற சாக்கு. சாக்கு சின்னது என்றால் கை எவ்வளவு வேகமானாலும் பிரயோசனம் இல்லை; நாலு கை கிள்ளுவதற்குள் நிறைந்துவிடும், எடை போடும் இடத்துக்கு ஓடிக் கொட்டிவிட்டு வரணும். ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. இரண்டும் அந்த எடை போடும் இடம். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எஸ்.எஸ்.டி. என்றால் பக்கத்து வரப்பில். மதர்போர்டு என்பது காட்டுக்குள் போகிற தடம்; எல்லாரும் அதில்தான் நடக்கணும். எஸ்.எம்.பி.எஸ். என்று கடையில் சொல்கிற பவர் சப்ளைதான் காலையில் குடித்த கஞ்சி. அது கெட்டுப் போனால் கை, கால், சாக்கு எதுவும் நகராது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, கை மெதுவானதால் இல்லை. நடை அதிகம் என்பதால். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, ஊசி மாதிரி ஒன்று அதில் தேடித் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே கிடையாது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காப்பி போட்டு வந்த பிறகும் சுற்றிக் கொண்டே இருந்த பெட்டி, எஸ்.எஸ்.டி. மாற்றியபின் அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் தயாராகிவிடும். அதனால் எந்த விலையில் வாங்கினாலும் விண்டோஸ் இருக்கும் இடம் எஸ்.எஸ்.டி.யாக இருக்கணும். 256 ஜிபி நம் வேலைக்குத் தாராளம். "500 ஜிபி, 1 டிபி" என்று பெரிய எண்ணைச் சொல்லி ஹார்ட் டிஸ்க்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். எண் பெரிசு, நடை தூரம்.

ஒரு விலைப்பட்டியலை வாசிப்போம்

சமீபத்தில் ஒரு உறுப்பினர் கடன் மனுவோடு ஒரு விலைப்பட்டியலையும் கொண்டு வந்தார். மேலேயிருந்து இறங்கி வந்த குடும்பம், மகள் பி.காம். படிக்கிறாள். கடையின் பெயர் இங்கே வேண்டாம். தாளில் இருந்தது இது: ஐ5 பிராசஸர், புது மதர்போர்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி, கலர் லைட் எரிகிற கேமிங் கேபினெட், 22 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் இலவசம். மொத்தம் ரூ. 24,500. யு.பி.எஸ். தாளில் இல்லை.

குழுவில் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். "கடைக்காரத் தம்பி ஐ5னு சொல்லுதான். ஐ3-ஐ விட ஐ5 பெருசுதானக்கா?" என்று கேட்டார்.

"ஐ5னா எந்த ஐ5 தாயீ? முழு நம்பரைக் கேட்டு வாங்கிட்டு வா" என்று அனுப்பினோம். வந்த நம்பர் ஐ5-3470.

சகோதரிகளே, இந்த இடத்தை இரண்டு தடவை வாசியுங்கள். ஆட்டுக்குப் பல் இருப்பது போலக் கம்ப்யூட்டருக்கு வயசு சொல்லுகிற இடம் இந்த நம்பர்தான். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி வரிசை. எந்தத் தலைமுறைக் குடும்பம் என்பதைக் கோட்டுக்குப் பின்னால் வருகிற எண் சொல்லும். 3470 என்றால் 3-ஆவது தலைமுறை, 2012-இல் வந்தது. 8500 என்றால் 8-ஆவது தலைமுறை. 12100 என்றால் 12-ஆவது. மூன்றாம் தலைமுறை ஐ5-ஐ விடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 எவ்வளவோ வேகம், கரண்டும் குறைவாகத் தின்னும். தாத்தா காலத்து அண்ணனை விட இன்றைய தம்பி பலசாலி.

ஏன் இன்னும் முக்கியம் என்றால், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டும் என்றால் இன்டெல்லில் 8-ஆவது தலைமுறையோ அதற்கு மேலோ, ஏ.எம்.டி. ரைசனில் 2000 வரிசையோ அதற்கு மேலோ வேண்டும் (அந்த எல்லைக்கோட்டில் உள்ள ஒன்றிரண்டு மாடல் சேராது, முழு நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்). 3470 போட்ட பெட்டியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருவார்கள். அது எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது.

"மதர்போர்டு புதுசுன்னு சொல்லுதாங்களே?" என்று அடுத்த கேள்வி வந்தது. புதுசுதான். பெட்டி பிரிக்காத புதுசு. ஆனால் எச்61 வகை போர்டு அது. 2011-இல் வந்த வகை. பழைய பிராசஸர்களை விற்றுத் தீர்க்க அந்த வகை போர்டைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதில் டி.டி.ஆர்.3 என்கிற பழைய ராம்தான் ஏறும். நாளைக்கு மகள் வேலைக்குக் கொஞ்சம் பெரிசு பண்ணலாம் என்றால் வழி அடைபட்ட தடம். ஏமாற்று என்று சட்டப்படி சொல்ல முடியாது. தாளில் எழுதியது எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. எழுதாததுதான் பிரச்சினை. கலர் லைட் கேபினெட்டுக்குக் கொடுக்கிற அதிகக் காசில் ஒரு எஸ்.எஸ்.டி. வந்துவிடும் என்பதையும் யாரும் எழுத மாட்டார்கள். லைட் எரிந்தால் பிள்ளைக்குச் சந்தோஷம், நமக்கும்தான் பார்க்க நல்லா இருக்கும். ஆனால் அது வேலை செய்யாத பாகம்.

இரண்டு வழி

நம் பணத்துக்கு நியாயமான வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, ஆபீசுகளில் ஓடி மாற்றப்பட்ட பெட்டியை வாங்குவது. பேங்க், கம்பெனிகளில் மூன்று நான்கு வருஷம் ஏ.சி. அறையில் ஓடிய டெல், எச்.பி., லெனோவா பெட்டிகளைத் துடைத்து, சோதித்து விற்கிறார்கள். திருநெல்வேலியிலும் இப்படிக் கடைகள் உண்டு. 8-ஆவது தலைமுறை ஐ3 அல்லது ஐ5, 8 ஜிபி ராம், 256 எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்கினால் 25 ஆயிரத்துக்குள் மானிட்டர், யு.பி.எஸ். சேர்த்து முடிக்க வாய்ப்பு உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கம்பெனி போட்டதே இருக்கும், அது பெரிய லாபம். குறை என்னவென்றால் வாரண்டி கடை கொடுப்பதுதான், ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம். பாகங்களும் அந்தந்தக் கம்பெனி அளவில் இருப்பதால் எஸ்.எம்.பி.எஸ்., போர்டு போனால் பக்கத்துக் கடையில் மாற்ற முடியாது.

இரண்டாவது வழி, புதுப் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பது. காசு கூட ஆகும். ஆனால் எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும் மாற்றலாம். கம்பெனிப் பெட்டியில் வருகிற பிராசஸருக்கு 3 வருஷ வாரண்டி. "டிரே" என்று பெட்டி இல்லாமல் கொடுத்தால் அந்தக் கம்பெனி வாரண்டி கிடையாது, கேட்டு வாங்குங்கள். இன்றைய தலைமுறை ஐ3 அல்லது கிராஃபிக்ஸ் உள்ள ரைசன், எச்610 போன்ற சின்ன போர்டு, ஒரே துண்டாக 8 ஜிபி ராம், 256 அல்லது 512 எஸ்.எஸ்.டி., நல்ல எஸ்.எம்.பி.எஸ்., சாதாரண கேபினெட். இது போதும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இன்டெல் நம்பர் கடைசியில் "எஃப்" என்று எழுத்து இருந்தால், உதாரணமாக 12100எஃப், விலை குறைவாக இருக்கும். ஆனால் திரையில் படம் காட்டுகிற பகுதி அதற்குள் இருக்காது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால்தான் மானிட்டரில் எதுவும் தெரியும். கார்டு இல்லாமல் அதை வீட்டுக்குக் கொண்டு வந்தால் மின்விசிறி சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். நமக்கு எஃப் வேண்டாம். ரைசன் 5000 வரிசையில் இதற்கு நேர்மாறு. அங்கே "ஜி" என்று முடிந்தால்தான் படம் வரும்.

ராம் பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகம் முழுக்கக் கட்டுகிற பெரிய கம்ப்யூட்டர் கூடங்களுக்கு மெமரி சில்லுகள் போவதால், வீட்டுக்கு வருவது குறைந்து போனது. வெங்காயம் ஏறுகிற மாதிரி ஏறிவிட்டது. எஸ்.எஸ்.டி.யில் இருப்பதும் மெமரி சில்லுகள்தான் என்பதால் அதன் விலையும் சேர்ந்து நகர்கிறது. அதனால் போன வருஷம் பக்கத்து வீட்டார் வாங்கிய விலையைச் சொல்லிக் கடையில் சண்டை போடாதீர்கள். இரண்டு மூன்று கடையில் ஒரே நாளில் கேட்டு ஒப்பிடுங்கள். இப்போதைக்கு 8 ஜிபி ஒரே துண்டாகப் போட்டு, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டுவைத்தால் விலை இறங்கும்போது இன்னொன்று போட்டுக் கொள்ளலாம். 4 ஜிபி மட்டும் என்றால் வேண்டாம். ஆன்லைன் வகுப்பையும் டைப் அடிப்பதையும் ஒன்றாகத் திறந்தாலே சாக்கு நிறைந்துவிடும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று போர்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் ஏறும், ஒன்றின் இடத்தில் மற்றது போகாது.

கஞ்சிப் பானை: எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., எர்த்

எல்லாரும் மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். நான் கூட்டங்களில் அதிகம் பேசுவதும் இதைப் பற்றித்தான், சிலருக்கு அலுத்தே போயிருக்கும்.

கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்.எம்.பி.எஸ். மேலே "450 வாட்ஸ்" என்று ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் அச்சடிக்கச் செலவு குறைவு. நம் வீட்டுக் கம்ப்யூட்டர், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால், சாதாரண வேலையில் 100 வாட்ஸ் கூடத் தொடாது. அதனால் பெரிய எண் தேவையில்லை. எண் உண்மையாக இருக்கணும், வோல்டேஜ் ஏறி இறங்கும்போது உள்ளே பாதுகாப்பு இருக்கணும். "80 பிளஸ்" முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 400 அல்லது 450 வாட்ஸ் கேளுங்கள். மோசமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தான் மட்டும் போகாது, போர்டு, எஸ்.எஸ்.டி. என்று கூட்டிக்கொண்டு போகும். பிள்ளையின் மூன்று வருஷப் படிப்பு அந்த எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறது.

யு.பி.எஸ். 600 வி.ஏ. போதும். கரண்டு போனால் பத்து, பதினைந்து நிமிஷம் தாங்கும், சேமித்துவிட்டு முறையாக அணைக்க அது போதும். அதை வைத்துப் படம் பார்க்க வேண்டாம். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, லேசர் பிரிண்டர் எதையும் யு.பி.எஸ்.ஸில் சொருகக் கூடாது. உள்ளே இருக்கிற பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் ஓயும், அப்போது பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

எர்த் பற்றி ஆண்களும் கவனிப்பதில்லை. மூணு முள் பிளக்கில் மேலே உள்ள தடித்த முள்தான் எர்த். சுவரில் உள்ள துளைக்குள் சேரவில்லை என்று அதை ஒடித்தோ, இரண்டு முள் அடாப்டர் போட்டோ மாட்டுகிறோம். கேபினெட்டைத் தொட்டால் "சுர்ர்"ரென்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை சோதித்துக் கொள்ளுங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை செய்கிற சாமான் இது.

மேலே ஊத்து, நாலுமுக்கு என்றால் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் சேர்ந்தவை. சாரலும் மேகமும் வீட்டுக்குள்ளேயே வரும், துணி காயாது, சாமானில் பூஞ்சணம் பிடிக்கும். அங்கே இருந்த பழக்கத்தில் பெட்டியைத் துணி போட்டு இறுக்கி மூடி வைக்கிறோம். கீழே அது தப்பு. அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பக்கம் வெயிலும் தூசியும்தான் எதிரி. ஓடும்போது மூடக் கூடாது, சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, காற்று போகணும். ஈரமான ஊரில் வாரக்கணக்கில் போடாமல் வைக்கக் கூடாது, தினம் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போகும். இரண்டு ஊருக்கும் பொது, ஐப்பசி இடி. இடி கேட்டால் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே உருவணும். இன்டர்நெட் வயர் இருந்தால் அதையும் உருவணும். இடி கரண்டுக் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை.

கரண்டு பில் பயம் வேண்டாம். பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 70 வாட்ஸ் என்று வைத்தால், தினம் 4 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 17 யூனிட் வரும்.

மானிட்டர், மென்பொருள்

மானிட்டர் 19 முதல் 22 இன்ச் வரை போதும். பழையது வாங்கலாம், கோடு விழுந்திருக்கிறதா, மூலையில் மஞ்சள் அடித்திருக்கிறதா என்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கீபோர்டு, மவுஸ் சாதாரணமே சரி.

"விண்டோஸ் இலவசம்" என்று தாளில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் திருட்டு விண்டோஸ். நல்ல ஆபீஸ் பெட்டிகளோடு உண்மையான விண்டோஸ் உரிமம் சேர்ந்தே வருவதுண்டு, கேளுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் உண்மையிலேயே இலவசம். சி-டாக் என்கிற மத்திய அரசு நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ் உண்டு, லினக்ஸ் மின்ட் உண்டு. லிப்ரே ஆபீஸில் கடிதம், கணக்கு எல்லாம் ஆகும். ஆனால் பிள்ளையின் பாடத்தில் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் இருந்தால் லினக்ஸ் ஒத்துவராது. இதைத்தான் முதலில் எழுதின தாளில் பார்க்கச் சொன்னோம். தமிழ் டைப் அடிக்க 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இரண்டிலும் இருக்கிறது. ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும்.

கம்ப்யூட்டர் வாங்கியதும் "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 30 ஆயிரம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று போன் வரும். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்க மாட்டான். போனை வைத்துவிடுங்கள்.

கடன் கணக்கு

20 ஆயிரம் ரூபாய் குழுக் கடன், 20 தவணை, மாதம் அசல் 1,000. நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி, மீதி அசலுக்கு மட்டும் என்றால் முதல் மாதம் வட்டி 200, கடைசி மாதம் 10. மொத்த வட்டி 2,100. அதே 1 ரூபாய் வட்டியை முழு 20 ஆயிரத்துக்கும் கடைசி வரை போட்டால் 4,000. கடைத் தவணையில் "வெறும் ஒரு பர்சன்ட்" என்று சொன்னால் இந்த இரண்டில் எது என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் முதல் நாளிலிருந்தே சம்பாதித்துத் தருகிற சாமான் இல்லை, ஆடு போல் குட்டி போடாது. தவணை வழக்கமான வருமானத்திலிருந்துதான் போகணும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்கும் நாளில்

அந்த பி.காம். மகளும் அம்மாவும் கடைசியில் 8-ஆவது தலைமுறை ஐ5 ஆபீஸ் பெட்டி ஒன்றும், பழைய மானிட்டரும், புது யு.பி.எஸ்.ஸும் வாங்கினார்கள். 24,500-க்குள் முடிந்தது, லைட் எரியாது. வாங்கும் நாளில் அவர்கள் செய்ததை நீங்களும் செய்யலாம். கடையிலேயே பெட்டியை ஓடவிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனால் பிராசஸர் முழு நம்பரோடு தெரியும். மெமரி என்ற இடத்தில் ராம் எவ்வளவு, எத்தனை துளை காலி என்று தெரியும். டிஸ்க் என்ற இடத்தில் எஸ்.எஸ்.டி.யா, ஹார்ட் டிஸ்க்கா என்று எழுதியே இருக்கும். தாளில் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், இதை அவர்கள் ஒரு நிமிஷத்தில் செய்வார்கள்.

பிறகு பில். ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். 18 சதவீத வரி என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது, குழுக் கடன் நோட்டிலும் பில் வைக்கணும். பில்லில் "கம்ப்யூட்டர் ஒரு செட்" என்று மொத்தமாக எழுதினால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயர், சீரியல் நம்பர், வாரண்டி மாதம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அட்டைப் பெட்டிகளை ஒரு வருஷமாவது தூக்கிப் போடாதீர்கள்.

விலைப்பட்டியல் கையில் இருக்கிற உறுப்பினர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள். பிராசஸரின் முழு நம்பரும், எஸ்.எம்.பி.எஸ். கம்பெனிப் பெயரும் அதில் எழுதி வாங்கியிருக்கணும். சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.